ஓடும் வீட்டுக்குத் தண்ணீரும் கரண்ட்டும் இல்லாத டாய்லெட்: எதை வாங்குவது, எங்கே கொட்டுவது, யார் சுமப்பது?

கோயம்புத்தூரில் வெள்ளிக்கிழமை இரவு கிளம்பினால் பாலக்காடு, திருச்சூர் தாண்டி விடிவதற்குள் போர்ட் கொச்சி வந்துவிடலாம். பழைய டெம்போ டிராவலரையோ மினி பஸ்ஸையோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சோலார் எல்லாம் போட்டு 'ஓடும் வீடு' ஆக்கியவர்களுக்கு இது கனவுப் பயணம். கடற்கரையில் சீன வலை, மட்டாஞ்சேரியில் பழைய மசாலா கிடங்குகள், சாலை நெடுக மழைமரங்களின் நிழல். ரீல்ஸில் எல்லாமே வரும். வராத ஒரு கேள்வி உண்டு: காலையில அஞ்சரை மணிக்கு எங்க போறது?

இந்தக் கேள்விக்குத் தேடினால் ஸ்வீடன், ஜெர்மனி, அமெரிக்கத் தயாரிப்புகள் வரிசையாக வந்து நிற்கும். 'தண்ணீர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வாடை வராது' என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை காகிதத்தால் துடைப்பவர்களுக்காக, குளிர்ந்த வறண்ட ஊர்களுக்காகச் செய்யப்பட்டவை. நாம் கழுவுகிறவர்கள். கொச்சியோ கடலும் காயலும் சூழ்ந்த ஈரமான ஊர். அதனால் விளம்பரத்தை விட்டுவிட்டு, கணக்கிலிருந்து தொடங்குவோம்.

சுருக்கமாக

• வண்டிக்குள் வைக்கும் எந்த உலர் கழிவறையும் மலத்தை உரமாக மாற்றி முடிப்பதில்லை. பத்திரமாகச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான்.
• சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் வகைதான் கரண்ட் இல்லாத வண்டிக்குப் பொருந்தும்.
• கழுவும் தண்ணீருக்கு மூன்றாவதாக ஒரு வழி வேண்டும். வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள்.
• எங்கே கொட்டுவோம், யார் கொட்டுவார்கள் என்பதற்குப் பதில் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

ஏன் தண்ணீர் வேண்டாம்?

ஒருமுறை ஃப்ளஷ் செய்ய 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 முறை. ஆக 60 லிட்டர். 100 லிட்டர் டேங்க் இரண்டு நாள்கூடத் தாங்காது. அந்த 100 லிட்டர் என்பது 100 கிலோ எடை. டீசல் அதையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. உள்ளே போன தண்ணீர் மாயமாவதும் இல்லை. அதே அளவு கழிவுநீராக இன்னொரு டேங்கில் வந்து நிற்கும்.

உண்மையில் நம் உடலிலிருந்து வெளியேறுவது எவ்வளவு? பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரையின்படி, ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் சிறுநீர் சுமார் 1.4 லிட்டர். மலம் சராசரியாக 130 கிராம் அளவில். நார்ச்சத்து அதிகம் சாப்பிடும் நம்மைப் போன்ற நாடுகளில் 250 கிராம் வரை. பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டால், இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 2.8 லிட்டர் சிறுநீர், அரை கிலோ மலம். மொத்தம் மூன்றேகால் கிலோ சொச்சம். ஃப்ளஷ் டாய்லெட்டில் இதுவே 63 கிலோ ஆகிறது. ஏறத்தாழ 19 மடங்கு.

ஏன் கரண்ட்டும் வேண்டாம்?

வெளிநாட்டு உலர் கழிவறைகள் பலவற்றில் ஒரு குட்டி 12 வோல்ட் ஃபேன் இரவும் பகலும் ஓடும். வாடையை வெளியே தள்ளுவதும் ஈரத்தை உலர்த்துவதும் அதன் வேலை. இழுக்கும் மின்சாரம் குறைவுதான். ஆனால் நிற்காமல் ஓட வேண்டும். போர்ட் கொச்சியில் வண்டி நிறுத்த எல்லோரும் தேடுவது மழைமர நிழலை. நிழலில் சோலார் தகடு வேலை செய்யாது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வெயிலே நாள்கணக்கில் முகம் காட்டாது. ஃபேன் நின்றால், அதை நம்பி வடிவமைத்த கழிவறை அன்றிரவே தன் குணத்தைக் காட்டிவிடும். எனவே ஃபேன் இல்லாமலே சமாளிக்கும் வடிவத்தைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

போர்ட் கொச்சி ஏன் ஒரு கடினமான பரீட்சை?

தாழ்வான நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். போர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையில் ராமேஸ்வரம், கல்வத்தி கால்வாய்கள் ஓடுகின்றன. கொச்சி நகரத்தின் மிகச் சிறிய பகுதிக்கு மட்டுமே பாதாளச் சாக்கடை இணைப்பு. அந்தக் கழிவுநீர் போகும் எலம்குளம் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு ஒரு நாளைக்கு 45 லட்சம் லிட்டர்தான். மற்ற இடங்களில் வீடுகளும் விடுதிகளும் செப்டிக் டேங்கையே நம்பியிருக்கின்றன. அவற்றை உறிஞ்சும் லாரிகள் பிரம்மபுரம், வெல்லிங்டன் தீவு ஆகிய இடங்களிலுள்ள கசடு சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் வண்டிக்காரர் ஒருவர் 'ஒரு கேன்தானே' என்று கால்வாயில் சாய்த்தால், அது போகும் வழியில் அந்த நீரோடு வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு கேம்ப் சைட்டுகளில் இருப்பதுபோல கழிவை இறக்கும் நிலையங்கள் இங்கே வழிநெடுகக் கிடையாது. கேரள அரசு 2021 செப்டம்பரில் 'கேரவன் கேரளா' கொள்கையை அறிவித்தது. முதல் 100 கேரவன்களுக்கு 7.5 லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இதில் எது குறைவோ அது மானியம் என்றது. 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பார்க்கும் திறக்கப்பட்டது. கேரவனுக்குள் கழிவறை இருக்க வேண்டும் என்பது அந்தக் கொள்கையிலேயே உள்ள நிபந்தனை. ஆனால் சொந்த வண்டியில் வந்து தெருவோரம் தங்குபவரின் கழிவு எங்கே போகும் என்பது அவரவர் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்காகவே இருக்கிறது.

'கம்போஸ்ட் டாய்லெட்': பெயரே முதல் குழப்பம்

கடையில் இந்தப் பெயரில்தான் விற்பார்கள். வாங்குபவரும் 'ரெண்டு வாரத்துல உரமாயிடும், செடிக்குப் போட்டுடலாம்' என்று நினைத்துக்கொள்வார். ஆகாது.

மலத்திலுள்ள கிருமிகள், குறிப்பாக உருண்டைப் புழுவின் முட்டைகள், எளிதில் சாவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உலர் மலத்தை 20 முதல் 35 டிகிரி வெப்பநிலையில் சும்மா சேமித்து வைப்பதென்றால் ஓராண்டுக்கு மேல் வைக்க வேண்டும். கொச்சியின் தட்பவெப்பம் ஏறக்குறைய இந்த வரம்புக்குள்தான் வருகிறது. குவியல் முழுவதும் 50 டிகிரிக்கு மேல் சூடேறி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் சீக்கிரம் முடியும். 20 லிட்டர் டப்பாவுக்குள் அந்தச் சூடு வராது.

ஆக, வண்டியில் இருப்பது சேமிப்புப் பெட்டி. உரமாவது என்றால் அது வீட்டுத் தோட்டத்தில், மூடிய தொட்டியில், ஓராண்டு கழித்து. 'உள்ளே உரமாகிவிட்டது' என்று நம்பி இரண்டாவது வாரமே ரோஜாச் செடிக்குப் போடுவதுதான் இதில் நடக்கக்கூடிய மோசமான தவறு.

சந்தையில் என்னென்ன வகை?

1. பக்கெட்டும் மரத்தூளும்

20 லிட்டர் பெயின்ட் பக்கெட், மேலே சீட், பக்கத்தில் ஒரு டப்பா மரத்தூள். ஒவ்வொரு முறையும் ஒரு கப் அள்ளிப் போட வேண்டியதுதான். அமெரிக்கரான ஜோசப் ஜென்கின்ஸ் 1994-ல் எழுதிய ஒரு கையேட்டின் மூலம் உலகம் முழுக்கப் பிரபலமான முறை. செலவு மிகக் குறைவு, உடைவதற்கு எதுவும் இல்லை. சிக்கல் என்னவென்றால், சிறுநீரும் மலமும் ஒன்றாகவே விழும். இரண்டு பேருக்கு மூன்று நாளில் பக்கெட் நிறைந்துவிடும். எடையும் கூடும். பின்னால் தோட்டமும் தொட்டியும் உள்ளவர்களுக்கு இது அருமையான முறை. ஊர் ஊராக ஓடும் வண்டிக்குச் சுமை.

2. சிறுநீரைப் பிரிக்கும் உலர் கழிவறை

முன்பக்கம் ஒரு கிண்ணம், சிறுநீர் அதன் வழியே கேனுக்குப் போய்விடும். பின்பக்கம் மலம் தனி டப்பாவில் விழும். ட்ரெலினோ, பாக்ஸியோ, கில்ட்விக் போன்ற ஐரோப்பிய பிராண்டுகள் ஃபேன் இல்லாமல் கிடைக்கின்றன. ஸ்வீடனின் செப்பரெட் நிறுவனத்தில் ஃபேன் உள்ள மாடலும் உண்டு. வெறும் சீட்டும் பிரிப்புக் கிண்ணமும் மட்டும் வாங்கி நாமே பெட்டி அடித்துக்கொள்ளும் மாடலும் உண்டு. அமெரிக்காவின் நேச்சர்ஸ் ஹெட், கைப்பிடி சுற்றிக் கிளறும் வகை. சுமார் 1,000 டாலர். அதில் ஃபேன் இருக்கிறது.

ஏன் பிரிக்க வேண்டும்? மலத்திலுள்ள பாக்டீரியாக்களின் நொதி சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடிக்குப் பெரிய காரணம் இந்தக் கலப்புதான். பிரித்துவிட்டால் மலம் சீக்கிரம் காய்கிறது, வாடை பாதிக்கும் மேல் குறைகிறது, டப்பாவும் ஒரு வாரம் தாங்குகிறது. இதில் ஒரு நிபந்தனை: ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும். இதை முதல் நாளே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

3. ஜெல் பை

உறிஞ்சும் தூள் போட்ட பிளாஸ்டிக் பை. போனதும் கட்டி வைத்துவிடலாம். அவசரத்துக்கு, குறிப்பாக வயிற்றுப்போக்கு வந்தால், இதைப்போல உதவுவது வேறில்லை. ஆனால் தினசரி பயன்பாட்டுக்கு ஆகாது. பையைக் கழிவறையில் கொட்டவும் முடியாது, குப்பையில் போடவும் கூடாது.

4. கேசட் டாய்லெட்

கேரவன்களில் பரவலாக உள்ளது. கீழே இழுத்து எடுக்கும் பெட்டி, நீல நிற ரசாயனம், கொஞ்சம் தண்ணீர். நம் 'தண்ணீர் வேண்டாம்' நிபந்தனைக்கு இது பொருந்தாது. தவிர, கிருமிநாசினி கலந்த அந்தக் கழிவை நீங்கள் தங்கும் ஹோம்ஸ்டேயின் சிறிய செப்டிக் டேங்கில் கொட்டினால், அங்கே வேலை செய்யும் பாக்டீரியாக்களும் அடிவாங்கும்.

'ரயில்ல இருக்கற பயோ டாய்லெட்டை வெச்சா என்ன?' என்று கேட்கலாம். டிஆர்டிஓ உருவாக்கிய அந்தத் தொட்டி நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் அது தண்ணீரோடு வேலை செய்வது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் தொடர்ந்து உயிரோடு இருக்க வேண்டும். தொட்டி வண்டிக்கு அடியில் தொங்க வேண்டும், அதிலிருந்து வெளியேறும் நீருக்கும் ஓர் இடம் வேண்டும். வார இறுதியில் மட்டும் எடுக்கும் வேனுக்கு ஒத்துவராது.

கழுவும் பழக்கத்துக்கு என்ன வழி?

இறக்குமதி மாடல்கள் சறுக்கும் இடம் இதுதான். பின் டப்பாவில் கழுவினால் மலம் நனைந்து, மறுநாளே வாடையும் புழுவும் வரும். முன் கிண்ணத்தில் கழுவினால் சிறுநீர்க் கேனில் மலக் கிருமி கலக்கும்.

இதற்கான விடை ஐரோப்பாவில் இல்லை, நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. 1990-களில் பால் கால்வெர்ட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் திருவனந்தபுரம் கடலோர மீனவ கிராமங்களில் வேலை செய்தார். அங்கும் கொச்சியைப் போலவே நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழி தோண்டிய கழிவறை கிணற்றைக் கெடுக்கும். அவர் தரைக்கு மேலே இரண்டு அறைகளைக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் மலத்துக்கு ஒரு துளை, சிறுநீருக்கு முன்பக்கம் ஒரு வழி, இரண்டுக்கும் நடுவே கழுவிக்கொள்ளத் தனி இடம் என்று அமைத்தார். கழுவிய நீரும் சிறுநீரும் செடிகள் நட்ட ஒரு பாத்திக்குப் போயின. ஓர் அறை நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவார்கள்.

தமிழ்நாட்டில் இதே வழியை முசிறியில் பரவலாக்கியவர் 'ஸ்கோப்' அமைப்பின் மாராச்சி சுப்புராமன். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். முசிறியின் சமுதாயக் கழிவறையில், பயன்படுத்த வருபவரிடம் காசு வாங்குவதற்குப் பதில், ஒருமுறைக்கு 10 காசு கொடுத்த செய்தி உலகம் முழுக்கப் போனது. சேரும் சிறுநீர் விவசாயத்துக்குப் பயன்படும் சரக்கு என்பதே அதன் பின்னால் இருந்த எண்ணம்.

இந்த 'மூன்று வழி' தத்துவத்தை வண்டிக்குள் எப்படிக் கொண்டுவருவது? நடைமுறையில் இரண்டு வழிகள்.

ஒன்று: சீட்டில் முடித்ததும் முதலில் காகிதத்தால் துடைப்பது. காகிதம் மலத்தோடு டப்பாவில் போகலாம், அது ஈரத்தை உறிஞ்சவே செய்யும். பிறகு பக்கத்தில் ஷவர் தட்டிலோ சிறிய பேசினிலோ அரை லிட்டர் பாட்டிலால் கழுவிக்கொள்வது. அந்தத் தண்ணீர் தனி 5 லிட்டர் கேனுக்குப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் இருவருக்கு 1 லிட்டர். ஐந்து நாள் தாங்கும்.

இரண்டு: இடமே இல்லை என்றால், முன் கிண்ணத்திலேயே கழுவுவது. இது தப்பில்லை, ஆனால் அந்த நொடியிலிருந்து அது சிறுநீர்க் கேன் அல்ல, சாக்கடைக் கேன். செடிக்கு ஊற்றக் கூடாது, கழிவறையில் மட்டுமே கொட்ட வேண்டும். கேனும் இன்னும் வேகமாக நிறையும்.

கேன் எவ்வளவு பெரிசு வேண்டும்?

20 லிட்டர் கேன் ஒன்றுக்குப் பதில் 10 லிட்டர் கேன் இரண்டு வாங்குங்கள். நிறைந்த 20 லிட்டர் கேன் 20 கிலோ. அதை வண்டியின் படியில் இறக்கி, ஆட்கள் இருக்கும் இடத்தைத் தாண்டி, கழிவறை வரை தூக்கிப் போக வேண்டும். இருவருக்கு 10 லிட்டர் கேன் மூன்று நாளில் நிறையும். பெண்கள் சிறுநீர் கழித்த பின் கழுவும் நீரையும் சேர்த்தால் இரண்டு நாள் என்று கணக்கு வையுங்கள். கேன் ஒளி ஊடுருவும் வெள்ளை நிறத்தில் இருந்தால் அளவு வெளியே தெரியும். நிரம்பி வழிவதுதான் பொதுவாக நடக்கும் விபத்து. கேனில் கொஞ்சம் வினிகர் ஊற்றி வைத்தால் அம்மோனியா நெடி அடங்கும்.

மூடுபொருள்: ஆலப்புழையின் கொடை

ஒவ்வொரு முறையும் மேலே தூவ உலர்ந்த ஏதாவது வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்றே கடல் கடந்து வரும் தேங்காய் நார்க்கழிவை வாங்குகிறார்கள். கொச்சியில் இருப்பவர், கயிறுத் தொழிலின் தலைநகரான ஆலப்புழைக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். நர்சரிகளில் 'கோகோபீட்' என்று கட்டியாக அழுத்தி விற்பதும் அதுதான். தன் எடையைப் போல் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும். ஒரு 5 கிலோ கட்டி, இருவருக்கு மாதக்கணக்கில் வரும். தோட்டத்துக்குச் செய்வதுபோல தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். உலர்ந்தபடியே உதிர்த்துப் போடுங்கள்.

மரத்தூள் மட்டும் போதுமா? போதும், ஆனால் உலர்ந்ததாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மர அறுவை ஆலைத் தூள் ஈரமாகவே வரும். விறகுச் சாம்பல் கிடைத்தால் கொஞ்சம் கலக்கலாம். அது காரத்தன்மையை உயர்த்தி ஈக்களையும் கிருமிகளையும் தடுக்கும். பின்னால் உரமாக்கும் எண்ணம் இருந்தால் சாம்பலைக் குறையுங்கள். அதிகக் காரம் நுண்ணுயிர்களின் வேலையையும் நிறுத்திவிடும்.

ஃபேன் இல்லாமல் வாடையை எப்படிச் சமாளிப்பது?

பெட்டியிலிருந்து கூரைக்கு மேல் ஒரு குழாய். நாலு இன்ச் பிவிசி போதும். வெளியே கறுப்பு வண்ணம் அடித்தால் வெயிலில் சூடாகி உள்ளிருக்கும் காற்றை மேலே இழுக்கும். நுனியில் ஈ புகாத வலையும் மழை மூடியும் அவசியம். காற்றில் தானாகச் சுழலும் மூடி போட்டால் இன்னும் நல்லது. கடற்கரைக் காற்று அதற்குப் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். வண்டி ஓடும்போது ஜன்னல் திறந்திருந்தால், உள்ளே அழுத்தம் குறைந்து குழாய்க் காற்று தலைகீழாக உள்ளே வரலாம். அதனால் ஓடும்போது கழிவறை மூடி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். வாகமண், மூணாறு மலைப் பாதை வளைவுகளில் டப்பா நகராமல் பெல்ட்டும், கேனுக்குத் திருகு மூடியும் கட்டாயம்.

கொச்சியின் ஈரப்பதத்தில் மலம் ஐரோப்பாவில்போலக் காயாது. எனவே டப்பா ஒரு வாரம் தாங்கினாலும், நான்கைந்து நாளுக்கு ஒருமுறை காலி செய்வதை வழக்கமாக்குங்கள்.

எங்கே கொட்டுவது?

சிறுநீர்: சாக்கடை அல்லது செப்டிக் டேங்க் இணைப்புள்ள கழிவறையில். ஹோம்ஸ்டே, பெட்ரோல் பங்க், கட்டணக் கழிவறை எதுவானாலும் முதலில் கேட்டுவிட்டு, கொட்டிய பின் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள். கால்வாயோரமும் கடற்கரையும் கூடாது.

மலம்: இரண்டே வழிகள். மூடுபொருள் மிகக் குறைவாக இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றலாம். நார்க்கழிவு நிறையச் சேர்ந்திருந்தால் குழாய் அடைக்கும். அப்போது மூடியுள்ள வாளியில் வீட்டுக்கு எடுத்துச் சென்று, தனித் தொட்டியில் ஓராண்டுக்கு மேல் மூடி வைக்க வேண்டும். இதற்காகவே பின் டப்பாவுக்கு உள்வாளி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கேரவன் பார்க்கில் முன்பதிவு செய்யும்போதே 'உலர் கழிவைக் கொட்ட இடம் இருக்கா?' என்று கேளுங்கள்.

குப்பைத் தொட்டி: கூடவே கூடாது. கேரளத்தில் வீடு வீடாகக் குப்பை வாங்குவது ஹரித கர்ம சேனை. அதில் பெரும்பாலோர் குடும்பஸ்ரீ பெண்கள். பைகளைத் திறந்து கையால் பிரிப்பவர்கள் அவர்கள். நீங்கள் கறுப்புப் பையில் கட்டி வைத்ததை ஒருவர் பிரித்துப் பார்ப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

யார் சுமப்பது?

இந்தக் கழிவறையை வாங்குபவர் கட்டாயம் யோசிக்க வேண்டிய கேள்வி இது. கொச்சியிலிருந்து 50 சொச்சம் கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது ஆலப்புழை. அந்த ஊரின் வாளிக் கழிவறைகளைச் சுமந்தவர்களின் மூன்று தலைமுறையைத்தான் தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் நாவலாக எழுதினார். சுந்தர ராமசாமி அதைத் 'தோட்டியின் மகன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த நாவலின் சுடலைமுத்து என்ற பெயரே சொல்லும், அந்த வேலைக்கு அங்கே யார் போனார்கள் என்று. நம் ஊரில் அதற்கு 'எடுப்புக் கக்கூஸ்' என்று பெயர். ஒருவர் போவார், இன்னொருவர் எடுப்பார். அந்த இன்னொருவரின் சாதி ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

2013 டிசம்பர் 6 முதல் அமலில் உள்ள, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம், மலம் முழுமையாக மட்குவதற்கு முன் மனிதர் கையால் அதை அள்ளவோ கையாளவோ வேண்டியிருக்கும் கழிப்பறையை 'சுகாதாரமற்ற கழிப்பறை' என்கிறது. அப்படிப்பட்டதைக் கட்டுவதும், அதற்கு ஆள் வைப்பதும் குற்றம். முதல்முறை என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் வேனிலுள்ள டப்பா, நீங்கள் போய் நீங்களே எடுக்கும்வரை உங்கள் சொந்த வேலை. 'டிரைவர் பையனுக்கு 200 ரூபா குடுத்தா காலி பண்ணிடுவான்' என்று எப்போது நினைக்கிறீர்களோ, அப்போதே அது ஸ்வீடன் பிராண்ட் போட்ட எடுப்புக் கக்கூஸ் ஆகிவிடுகிறது. கேரவனை வாடகைக்கு விடும் தொழில் செய்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். விருந்தினரின் வாளியை ஊழியர் காலி செய்யும் ஏற்பாடு எந்தப் பெயரில் இருந்தாலும் வேண்டாம். வாடகை வண்டிக்கு, கை படாமல் குழாய் மூலம் உறிஞ்சி எடுக்கக்கூடிய மூடிய டேங்கே சரி. அதில் தண்ணீர் செலவானாலும் பரவாயில்லை.

ஆர்டிஓ என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் பயண வீடியோ போடும் சகோதரர்களின் மாற்றியமைத்த வேனை மோட்டார் வாகனத் துறை பிடித்தது மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. பெல்ட்டில் கட்டி வைக்கும் கழிவறை ஒரு சாமான் மாதிரி. கூரையைத் துளைத்துக் குழாய் விடுவது, அடியில் டேங்க் பொருத்துவது வேறு கதை. துளை போடும் முன் ஆர்டிஓவிடம் கேளுங்கள். கூரையைத் தொட முடியாதென்றால், ஏற்கெனவே உள்ள ஜன்னல் வழியே குழாய் விடும் ஏற்பாடு செய்யலாம்.

அப்போ நான் எதை வாங்கலாம்?

வார இறுதி மட்டும், இரண்டு பேர்: ஃபேன் இல்லாத, சிறுநீர் பிரிக்கும் சிறிய பெட்டி. 10 லிட்டர் கேன் ஒன்று, உள்வாளி ஒன்று, கழுவும் நீருக்கு 5 லிட்டர் கேன். கூரைக் குழாய்கூடத் தேவையில்லை. வீடு திரும்பியதும் காலி செய்துவிடலாம்.

லேப்டாப்போடு மாதக்கணக்கில் ஊர் சுற்றுபவர்: அதே வகை, ஆனால் எல்லாமே இரண்டிரண்டு. பிரிப்புக் கிண்ணத்தை மட்டும் வாங்கி, உள்ளூர் தச்சரிடம் கடல் காற்றைத் தாங்கும் பிளைவுட்டில் பெட்டி அடித்துக்கொண்டால் செலவு குறையும், கழுவும் இடத்தையும் நம் வசதிக்கு அமைக்கலாம். அவசரத்துக்கு ஜெல் பை சில.

வயதான பெற்றோரோடு பயணம்: சீட் உயரம் 45 செ.மீ. அளவுக்கு இருக்கட்டும், பக்கத்தில் கைப்பிடி வேண்டும். பிரிப்புக் கிண்ணத்தில் சரியாக உட்காருவது எல்லோருக்கும் எளிதல்ல. வாங்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடாமல் நிற்கும் பஸ், அதாவது நிலத்தில் நிறுத்தி ஹோம்ஸ்டே ஆக்குபவர்: பஸ்ஸுக்குள் எதுவும் வேண்டாம். வெளியே, தரைக்கு மேலே கட்டிய இரட்டை அறை உலர் கழிவறைதான் கொச்சி மண்ணுக்குப் பொருத்தம்; முசிறி வடிவம். ஒவ்வோர் அறையும் ஓராண்டு மூடிக் கிடக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால், கடைசியில் நீங்கள் எடுப்பது மட்கிய மண். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020 நவம்பரில் மூணாறு டெப்போவில் பழைய பஸ்களைப் படுக்கை அறைகளாக்கி, படுக்கைக்கு 100 ரூபாய் என்று வாடகைக்கு விட்டபோதும் கழிவறையைப் பஸ்ஸுக்குள் வைக்கவில்லை. டெப்போவில் இருந்ததையே பயன்படுத்தச் சொன்னது. பல நேரங்களில் சரியான விடை அதுதான்.

ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, வீட்டிலேயே ஒரு பக்கெட், ஒரு கேன், ஒரு கட்டி கோகோபீட் வைத்து இரண்டு நாள் ஒத்திகை பாருங்கள். திங்கட்கிழமை காலை அதை நீங்களே தூக்கிப் போய்க் காலி செய்து, கழுவி, வெயிலில் காய வையுங்கள். அது உங்களால் முடிந்தால் எந்த மாடலும் ஒத்துவரும். முடியாவிட்டால் எந்த மாடலும் உதவாது. அந்தப் பணத்தில் கழிவறை உள்ள ஹோம்ஸ்டே வாசலில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம்.